கோவரின் இருக்கை

கம்பெனி சட்டம் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் என்று இங்கிலாந்தில் வெகுகாலம் யாருக்கும் தோன்றவில்லை. அது வக்கீல்களின் தொழில். பொதுக்குழுவுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், கம்பெனி நொடித்துப்போனால் யாருக்கு முதலில் பணம் என்று கட்சிக்காரர் கேட்டால் புரட்டிப் பார்க்க பால்மர் இருந்தது, பக்லி இருந்தது. இரண்டுமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, பதிப்புக்குப் பதிப்பு தடித்துக்கொண்டே வந்த நூல்கள். எந்தப் பிரிவு, எந்த வழக்கு என்று அவற்றில் தேடி எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சட்டம் ஏன் இப்படி இருக்கிறது, இப்படித்தான் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அவற்றில் இடமில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டுச் சம்பளம் வாங்கிய முதல் தலைமுறையில் முக்கியமானவர் எல்.சி.பி. கோவர். 1913-இல் பிறந்தவர். லண்டனில் சட்டம் படித்து, சொலிசிட்டராகத் தொழில் செய்து, உலகப் போரில் ராணுவத்தில் இருந்து, 1948-இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சர் எர்னஸ்ட் கேசல் வணிகச் சட்ட இருக்கையில் அமர்ந்தார். அப்போது வயது முப்பத்து நான்கு. முனைவர் பட்டம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அன்றைய இங்கிலாந்தில் சட்டப் பேராசிரியர் ஆவதற்கு அது நிபந்தனையே அல்ல. வக்கீல் அறையில் தேறிய மூளையா, மாணவர்களிடம் பேச வருமா என்று பார்த்தார்கள்.

இன்று அதே லண்டனில் கம்பெனி சட்டத்துக்கு ஓர் இளநிலை ஆசிரியர் பணி விளம்பரமானால் முனைவர் பட்டம் இல்லாத விண்ணப்பம் கரை சேர்வது கடினம். பட்டத்தோடு அச்சில் வந்த கட்டுரைகள், அடுத்த ஐந்தாண்டுக்கான ஆராய்ச்சித் திட்டம், எங்கிருந்து நிதி கொண்டுவருவீர்கள் என்பதற்கு ஒரு பதில், எல்லாம் வேண்டும். தொழில் செய்த அனுபவம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தட்டு தலைகீழாகிவிட்டது. கடன் பத்திரம் ஒன்றைக்கூடத் தன் கையால் வரைந்திராத ஒருவர் கடன் பத்திரங்களின் சட்டப் பொருளாதாரம் பற்றி உலகத் தரத்தில் எழுதலாம், எழுதுகிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. கோவர் வந்த வழி இன்று மூடிக் கிடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

கோவருக்கு வாய்த்த இடமும் சாதாரணமானதல்ல. அதே லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஓட்டோ கான்-ஃபிராயின்ட் இருந்தார். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த பெர்லின் நீதிபதி. கம்பெனி வேறு, அதை நடத்தும் ஆள் வேறு என்று பிரபுக்கள் சபை 1896-இல் சாலமன் வழக்கில் சொன்ன தீர்ப்பு ஒரு பேரழிவு என்று 1944-இல் துணிந்து எழுதியவர் அவர். நம் சட்டக் கல்லூரிகளில் கம்பெனி சட்ட வகுப்பு இன்றும் அந்தத் தீர்ப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறது, பெரும்பாலும் பயபக்தியோடு.

1954-இல் கோவரின் புத்தகம் வந்தது: நவீன கம்பெனி சட்டத்தின் கோட்பாடுகள். வரலாறு, அமெரிக்க ஒப்பீடு, சீர்திருத்த யோசனை என்று எல்லாம் ஒரே கையில், ஒரே குரலில். பாடநூல்தான், ஆனால் வாதாடும் பாடநூல். அந்தக் காலத்து ஆங்கில நீதிமன்றங்களில் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. நூலாசிரியர் உயிரோடிருக்கும்வரை அவர் நூலை ஆதாரமாகக் காட்டத் தயங்குவார்கள், இறந்துவிட்டால் தடையில்லை. மனத்தை மாற்றிக்கொள்ள முடியாதவர்தான் நம்பத்தக்கவர் என்ற கணக்கு போலும். அந்த வழக்கம் தளர்ந்து மறைந்ததில் கோவர் தலைமுறையினரின் நூல்களுக்கும் பங்குண்டு. இன்று தீர்ப்புகளில் பேராசிரியர்களின் கட்டுரைகள் சர்வசாதாரணமாக மேற்கோள் ஆகின்றன. எழுதியவர் அடுத்த தெருவில் வகுப்பெடுத்துக்கொண்டிருப்பார்.

புத்தகம் அவரைவிட நீண்ட ஆயுள் கொண்டது. 1992-இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது அவருக்கு எழுபத்தெட்டு. 1997-இல் ஆறாம் பதிப்பைப் பால் டேவிஸ் கொண்டுவந்தார்; அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கோவர் இறந்தார். பிறகு சாரா வொர்திங்டன் சேர்ந்தார். 2021-இன் பதினோராம் பதிப்பில் கிறிஸ்டஃபர் ஹேரும் சேர்ந்து மூன்று பெயர்கள். அட்டையில் ஆசிரியராக இருந்த கோவர் இப்போது தலைப்புக்குள் போய்விட்டார். வொர்திங்டன் கேம்பிரிட்ஜின் டவுனிங் இருக்கையில் அமர்ந்த முதல் பெண். கோவர் முதல் பதிப்பை எழுதியபோது பிரிட்டிஷ் சட்டப் பேராசிரியர்களில் பெண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பதே அரிது. இந்த ஒரு மாற்றத்தில் அன்றைக்காக ஏங்க எதுவுமில்லை.

கோவரின் வாழ்க்கையில் நான் அதிகம் நின்று பார்க்கும் இடம் கானா.

1957 மார்ச்சில் கானா விடுதலை பெற்றது. கையிலிருந்த கம்பெனி சட்டம் பிரிட்டிஷ் காலனி ஆட்சி விட்டுச்சென்றது. இங்கிலாந்திலேயே காலாவதியாகிவிட்ட விதிகள் அதில் இருந்தன. 1958-இல் பிரதமர் குவாமே நிக்ருமாவின் அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. ஆணையர் ஒரே ஒருவர்: கோவர். அவர் 1961-இல் தந்த இறுதி அறிக்கையே ஒரு முழுச் சட்ட வரைவு. பிரிவு பிரிவாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஏன் இப்படி எழுதினேன் என்று விளக்கமும் தந்திருந்தார். 1963-இல் அது கானாவின் கம்பெனிகள் சட்டமானது. கானா நீதிமன்றங்கள் அந்த விளக்கங்களைப் பிற்பாடும் எடுத்துப் பார்த்து வந்தன.

லண்டனில் செய்ய முடியாததை அவர் அக்ராவில் செய்தார். உதாரணத்துக்குப் பங்கின் முகமதிப்பு. பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கு சந்தையில் ஆயிரத்துக்கும் விற்கும், இரண்டுக்கும் விற்கும். அந்தப் பத்து எதையும் சொல்வதில்லை, விவரம் தெரியாதவரை ஏமாற்ற மட்டுமே உதவும். முகமதிப்பு இல்லாத பங்குகளை அனுமதிக்கலாம் என்று 1954-இலேயே பிரிட்டனில் ஒரு குழு பரிந்துரைத்திருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. கானாவில் கோவர் முகமதிப்பையே எடுத்துவிட்டார்.

அடுத்தது கம்பெனியின் குறிக்கோள் பத்தி. மெமோரண்டம் என்ற அமைப்பு ஆவணத்தில் எழுதாத தொழிலைக் கம்பெனி செய்தால் அந்த ஒப்பந்தமே செல்லாது என்பது பழைய ஆங்கில விதி. கம்பெனியை நம்பிச் சரக்கு அனுப்பிய வியாபாரி, மெமோரண்டத்தைப் படித்திருக்க வேண்டும் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும்; படிக்காதது அவர் குற்றம், பணம் போனது போனதுதான். வெளியாளைக் கடிக்கும் இந்தப் பல்லை அவர் பிடுங்கினார். மெமோரண்டம், ஆர்ட்டிகிள்ஸ் என்று இரண்டாக இருந்ததை ஒரே ஆவணமாக்கினார். டைரக்டர் யாருக்குக் கடமைப்பட்டவர், எவ்வளவு நேர்மையும் கவனமும் வேண்டும் என்று நூறாண்டுத் தீர்ப்புகளில் சிதறிக் கிடந்ததைத் திரட்டிச் சட்டத்திலேயே எழுதினார்.

பிரிட்டன் டைரக்டர்களின் பொதுக் கடமைகளைச் சட்டத்தில் எழுதியது 2006-இல். இந்தியா அதைச் செய்தது 2013 சட்டத்தின் 166-ஆவது பிரிவில். நம் 1956 கம்பெனிகள் சட்டம் பிரிட்டனின் 1948 சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. நாமும் லண்டனைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தோம். கானா ஐம்பது ஆண்டு முந்திக்கொண்டது.

இதில் ஒரு நெருடலும் உண்டு. ஒரு நாட்டின் வணிக வாழ்க்கையை ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர், அவர் எவ்வளவு நல்லவராயினும், தன் மேசையில் உட்கார்ந்து எழுதித் தருவது எந்த வகையில் விடுதலை? அழைத்தது கானா அரசுதான், திணிப்பில்லை. ஆனாலும் நல்ல சட்டத்தை எழுதுவது வேறு; அதை நடத்தப் பதிவாளர் அலுவலகம், ஆடிட்டர்கள், படித்த வக்கீல்கள் வேண்டும். அவை ஓர் அறிக்கையால் முளைப்பதில்லை. கோவருக்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அடுத்து அவர் போனது வக்கீல்களை உருவாக்க. 1962-இல் நைஜீரியாவின் லாகோஸ் பல்கலைக்கழகத்தில் சட்டப் புலத்தின் முதல் டீன் ஆனார். ஆப்பிரிக்க வக்கீல்கள் லண்டனின் இன்ஸ் ஆஃப் கோர்ட் என்ற வக்கீல் சங்கங்களில் விருந்துண்டு பட்டம் வாங்கி வருவது போதாது, சொந்த மண்ணில் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி; அதைப் பிற்பாடு ஹார்வர்டில் உரைகளாகச் சொன்னார், 1967-இல் புத்தகமாகவும் வந்தது. 1965-இல் துணைவேந்தர் நியமனத்தை ஒட்டி லாகோஸில் பெரும் சர்ச்சை வெடித்தது. அதே ஆண்டு அவர் லண்டன் திரும்பிவிட்டார்.

திரும்பியவர் வகுப்பறைக்குப் போகவில்லை. அப்போதுதான் உருவான சட்ட ஆணையத்தின் முதல் ஐந்து ஆணையர்களில் ஒருவரானார். விவாகரத்துச் சட்டச் சீர்திருத்தம் அந்த ஆணையத்தின் ஆரம்ப வேலைகளில் ஒன்று. கம்பெனி சட்டப் பேராசிரியர் அந்த மேசையிலும் உட்கார்ந்தார். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. 1971 முதல் 1979 வரை சவுதாம்ப்டனில் துணைவேந்தர்.

ஓய்வு பெற்ற பிறகும் ஒரு வேலை பாக்கியிருந்தது. முதலீட்டு நிறுவனங்கள் சில கவிழ்ந்து மக்கள் பணம் போனதும், 1981-இல் அரசு கோவரைக் கூப்பிட்டு முதலீட்டாளர் பாதுகாப்பு முழுவதையும் ஆராயச் சொன்னது. இம்முறையும் தனி ஆள். 1984-இல் வந்த அவர் அறிக்கையின் வழியில் 1986-இன் நிதிச் சேவைகள் சட்டம் பிறந்தது. சிட்டி எனப்படும் லண்டன் நிதிவட்டாரம் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் அமைப்புகளை வைத்துக்கொள்ளட்டும், அவற்றின் தலைக்கு மேல் சட்டம் இருக்கட்டும் என்ற ஏற்பாடு. சிட்டிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பல அமைப்புகள் சேர்ந்த அந்தக் கட்டடம் நீடிக்கவும் இல்லை. 2001 இறுதியில் ஒரே ஒழுங்காணையம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. தனி ஆளை நம்பி வேலை கொடுப்பதில் இதுவும் அடக்கம்: அவர் கணிப்பு தவறினால் திருத்த அறையில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

கோவரிடமிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்ட பால் டேவிஸின் வாழ்க்கையை அருகில் வைத்துப் பார்த்தால் காலம் எங்கே திரும்பியது என்பது தெரியும். டேவிஸும் அகன்ற படிப்பாளி; தொழிலாளர் சட்டத்திலிருந்து கம்பெனி சட்டத்துக்கு வந்தவர். கோவர் அமர்ந்த அதே கேசல் இருக்கையில் 1998-இல் அமர்ந்தார். அந்த ஆண்டுதான் பிரிட்டன் தன் கம்பெனி சட்டத்தை முழுதாகத் திருத்தி எழுதத் தொடங்கியது. இப்போது ஆணையர் ஒருவர் அல்ல. வழிநடத்தும் குழு, அதற்குக் கீழே பணிக்குழுக்கள், அடுக்கடுக்காகக் கலந்தாய்வு அறிக்கைகள், அவற்றுக்குக் கம்பெனிகளும் ஆடிட்டர்களும் வக்கீல் ஃபர்ம்களும் எழுதி அனுப்பிய பதில்கள். டேவிஸ் குழுவில் ஒருவர். 2001-இல் இறுதி அறிக்கை, 2006-இல் சட்டம், 1,300 பிரிவுகள். அதில் எந்த வரி எந்தப் பேராசிரியருடையது என்று யாராலும் விரல் வைத்துச் சொல்ல முடியாது. ஜனநாயகத்துக்கு இதுவே சரி. படிப்பதற்குத்தான் தண்டனை.

டேவிஸ் 2009-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். அங்கே அவர் வகித்த பதவியின் பெயர் ஆலன் அண்ட் ஓவரி கார்ப்பரேட் சட்டப் பேராசிரியர். ஆலன் அண்ட் ஓவரி, லண்டனின் மிகப் பெரிய வக்கீல் ஃபர்ம்களில் ஒன்று.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு உலகெங்கும் தமிழர்கள் பணம் திரட்டியதைப் பார்த்தவர்கள் நாம். இருக்கைக்கு யாராவது பணம் போட வேண்டும் என்பது நமக்குப் புதிதல்ல. கேசலும் பணம் போட்டவர்தான். கொலோனில் பிறந்து லண்டனில் கோடீஸ்வரரான வங்கியாளர். எகிப்து முதல் அமெரிக்கா வரை முதலீடு செய்தவர். ஆக, அன்றைய இருக்கை புனிதமான பணத்தில் நின்றது, இன்றையது வக்கீல் பணத்தில் நிற்கிறது என்று சொன்னால் அது பொய். வித்தியாசம் வேறிடத்தில். கேசல் 1921-இல் இறந்துவிட்டார். இறந்தவருக்குக் கட்சிக்காரர்கள் இல்லை. உயிரோடிருக்கும் ஃபர்முக்கு உண்டு. அந்தக் கட்சிக்காரர்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைத்தான் இருக்கையில் இருப்பவர் ஆராய்கிறார். இதனால் யாராவது பேனாவை மடக்கினார் என்று நான் சொல்லவில்லை. அந்த இருக்கைகளிலிருந்து கூர்மையான விமரிசனங்கள் வந்திருக்கின்றன. ஆனால் இந்தக் கேள்வியை கோவரிடம் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. கேம்பிரிட்ஜில் 1998-இல் கனடாவிலிருந்து வந்த பிரையன் செஃபின்ஸ் அமர்ந்தது எஸ்.ஜே. பெர்வின் கார்ப்பரேட் சட்ட இருக்கையில். அதுவும் லண்டன் வக்கீல் ஃபர்ம். 2013-இல் அது சீன-ஆஸ்திரேலிய ஃபர்மான கிங் அண்ட் வுட் மல்லிசன்ஸோடு இணைந்தது. 2017 ஜனவரியில் இணைந்த ஃபர்மின் ஐரோப்பியப் பிரிவே நொடித்து நிர்வாகியின் கைக்குப் போனது. கம்பெனிகள் எப்படிச் சாகின்றன என்று கற்பிக்கும் இருக்கைக்குப் பெயர் தந்தவர்களே பாடமாகிவிட்டார்கள். ஆலன் அண்ட் ஓவரியும் 2024-இல் அமெரிக்க ஷியர்மன் அண்ட் ஸ்டெர்லிங்கோடு இணைந்து பெயர் மாற்றிக்கொண்டது.

செஃபின்ஸைக் குறிப்பிட்டதற்கு வேறு காரணமும் உண்டு. 1997-இல் அவர் எழுதிய கம்பெனி சட்ட நூல், அமெரிக்காவில் ஏற்கெனவே வேரோடிவிட்ட பொருளாதாரப் பார்வையை பிரிட்டிஷ் கம்பெனி சட்டத்துக்குள் அழைத்துவந்த நூல்களில் முதன்மையானது. கோவர் சட்டத்தை வரலாறாகவும் நியாயமாகவும் பார்த்தார். புதியவர்கள் ஊக்கங்களாகவும் செலவுகளாகவும் பார்க்கிறார்கள்: மேலாளர் பங்குதாரரை ஏமாற்றாமலிருக்க எது மலிவான வழி? ஆக்ஸ்ஃபோர்டில் சட்டமும் நிதியும் என்ற முதுகலைப் படிப்பை 2010 முதல் சட்டப் புலமும் வணிகப் பள்ளியும் சேர்ந்து நடத்துகின்றன. இன்றைய கார்ப்பரேட் சட்டப் பேராசிரியர் பங்கு விலைத் தரவையும் புள்ளியியல் அட்டவணையையும் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அடிக்கடி ஒரு பொருளாதாரவாதியோடு சேர்ந்தே எழுதுகிறார். இதில் லாபம் பெரிது. கையகப்படுத்தல் விதிகள் பங்குதாரருக்கு நன்மையா என்று கோவர் தலைமுறை அனுபவத்தால் ஊகித்தது. இன்று கணக்குப் போட்டுப் பார்க்க முடியும்.

நஷ்டம் அகலத்தில். 1986-இல் பிரிட்டிஷ் அரசு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு மதிப்பெண் போடத் தொடங்கியது. 2014 முதல் அதன் பெயர் ரெஃப். கட்டுரைகளுக்கு ஒன்று முதல் நான்கு நட்சத்திரம் வரை; அந்தக் கணக்கில்தான் துறைக்கு ஆராய்ச்சிப் பணம். நட்சத்திரம் கிடைப்பது புதிய வாதமுள்ள கட்டுரைக்கு. பாடநூல் எழுதினால் மாணவர்கள் கும்பிடுவார்கள், மதிப்பெண் வராது என்பது துறையில் பரவலான எண்ணம். ஆகவே இளம் ஆசிரியர்கள், கடன் கொடுத்தோருடனான ஏற்பாடுகளில் ஒருவர், சிறுபான்மைப் பங்குதாரர் வழக்கில் ஒருவர், காலநிலை அறிக்கையிடலில் ஒருவர் என்று ஆளுக்கொரு வயலை வேலிகட்டிக்கொள்கிறார்கள். முழுக் கம்பெனி சட்டத்தையும் ஒரே மூளையில் வைத்து நாற்பது வயதில் எழுத இன்று யாருக்கும் நேரமில்லை. கோவரின் புத்தகத்தைப் புதுப்பிக்கவே மூவர் தேவைப்படுகிறார்கள்.

ரெஃப் 2014-இலிருந்து தாக்கம் என்ற தலைப்பிலும் மதிப்பெண் உண்டு: உங்கள் ஆராய்ச்சியால் வெளியுலகில் என்ன மாறியது? அந்தப் படிவத்தை கோவர் நிரப்பியிருந்தால், ஒரு நாட்டின் சட்டம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார். இன்றைய பேராசிரியர் எந்த அமைச்சகம் எந்த அறிக்கையின் எந்த அடிக்குறிப்பில் தன் கட்டுரையைச் சுட்டியது என்று சேகரித்து வைக்கிறார்.

ஆனால் அந்த அடிக்குறிப்புகளை எள்ளி நகையாட மனம் வரவில்லை. பிரிட்டிஷ் கம்பெனி சட்டத்தை ஆராய்ந்த ஜென்கின்ஸ் குழுவின் 1962 அறிக்கையை நினைத்துப் பாருங்கள். கோவர் அதில் உறுப்பினர். ஓட்டுரிமை இல்லாத பங்குகளைக் கம்பெனிகள் விற்பதைப் பெரும்பான்மையினர் தடுக்க விரும்பவில்லை. மறுப்புக் குறிப்பு எழுதிய சிலரில் கோவர் ஒருவர். பணம் போட்டவனுக்குக் குரல் வேண்டும் என்பது வாதம். அது தோற்றது. அறுபதாண்டுக்குப் பிறகு அதே சண்டை: நிறுவனருக்கு மட்டும் கூடுதல் ஓட்டு தரும் இருவகைப் பங்குகளை லண்டன் சந்தை அனுமதிக்கலாமா? 2021 டிசம்பரில் கொஞ்சம் திறந்தார்கள், 2024 ஜூலையில் இன்னும் அகலமாக. இம்முறை ஆதரித்தும் எதிர்த்தும் பேராசிரியர்கள் பலர் எழுதினார்கள், நியூயார்க் தரவு, ஹாங்காங் அனுபவம், சிங்கப்பூர் விதி எல்லாம் வைத்து. ஓட்டில்லாப் பங்கை எதிர்த்த கட்சி மறுபடியும் தோற்றது. எதனால் தோற்றது என்பதையாவது இம்முறை பக்கம் பக்கமாகப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

கானாவின் 1963 சட்டத்தை 2019-இல் புதுச் சட்டம் மாற்றியது. கோவர் எழுதியதில் பல மாறின. முகமதிப்பு திரும்பி வரவில்லை. பிரிட்டனில் அத்தனை குழுக்களும் கூடி எழுதிய 2006 சட்டத்தின் 542-ஆவது பிரிவு, ஒவ்வொரு பங்குக்கும் நிலையான முகமதிப்பு கட்டாயம் என்கிறது. இந்தியாவிலும் அப்படித்தான்.